பிரேக் கியூவுக்கு எத்தனை அவுன்ஸ்?

பூல் ஆடத் தொடங்கித் தமக்கென்று ஒரு கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வாங்கிக்கொண்டவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஒரு சங்கடம் நேர்கிறது. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியாகிய பிரேக்கையும் அதே கியூவால் ஓங்கி அடித்து வருவதால், அதன் முனையில் ஒட்டியுள்ள தோல் வில்லையாகிய டிப் தட்டையாகி ஓரம் காளான்போல் விரிந்துவிடுகிறது. அதன்பின் மெல்லத் தொட்டு ஆட வேண்டிய அடிகளில் வெள்ளைப் பந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பிரேக்குக்குத் தனிக் கியூ வேண்டும் என்று முடிவெடுத்துக் கடைக்குப் போனால், 18, 19, 20, 21 என்ற எண்களோடு கியூக்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது என்று கேட்டால், “பிரேக்குக்குத்தானே? நல்லா கனமா எடுங்க சார்” என்ற பதில் வருகிறது. அந்தப் பதிலை நம்பி நானும் ஒருமுறை 21 அவுன்ஸ் கியூ வாங்கினேன். வாங்கிய வாரத்திலேயே வெள்ளைப் பந்து இரண்டு முறை மேசையைத் தாண்டிக் குதித்து, பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்களின் காலடியில் போய் நின்றது. குற்றம் முழுவதும் கியூவின் எடையுடையதன்று என்பது பின்னால்தான் புரிந்தது. ஆனாலும் அந்த எடை எனக்குப் பொருந்தாத எடை.

எடையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை எந்த வரிசையில் செய்தால் பணமும் நேரமும் வீணாகாது என்பதையே இங்கே எழுதுகிறேன். கணக்குகள் அனைத்தும் 9 அடி மேசையை வைத்துச் சொல்லப்படுகின்றன.

எண்கள் சொல்வது என்ன

பூல் கியூவின் எடையைப் பெரும்பாலும் அவுன்ஸில்தான் குறிப்பிடுகிறார்கள். ஓர் அவுன்ஸ் என்பது 28.35 கிராம். ஆகவே 18 அவுன்ஸ் என்றால் சுமார் 510 கிராம், 19 என்றால் 539, 20 என்றால் 567, 21 என்றால் 595 கிராம். கடையில் பெரும்பாலும் கிடைக்கும் இந்த நான்கு எடைகளில், மிக இலேசானதற்கும் மிகக் கனமானதற்கும் உள்ள வேறுபாடு வெறும் 85 கிராம்தான்; கைக்கு அடக்கமான எலுமிச்சம்பழம் இரண்டின் எடை என்று வைத்துக்கொள்ளலாம். உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகள் கியூ 25 அவுன்ஸுக்கு மேற்படக் கூடாது, 40 அங்குலத்திற்குக் குறையக் கூடாது, டிப்பின் அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மட்டுமே சொல்கின்றன. குறைந்தபட்ச எடை என்று எதுவும் இல்லை. எனவே விதியைப் பற்றிக் கவலைப்படாமல் நமக்குப் பொருந்துவதைத் தேடலாம்.

பூல் பார்லரில் பொதுவாக வைத்திருக்கும் கியூக்களின் அடிப்பகுதியிலும் இதே எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது. டிப் மாற்றி, முனையைத் தேய்த்து, எங்கோ ஒட்டுப் போட்டுப் பல ஆண்டுகள் ஓடிய கியூவில் 20 என்ற எண்ணுக்கும் உண்மை எடைக்கும் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். சமையலறைத் தராசு ஒன்று போதும்: கியூவை இரண்டாகக் கழற்றி, இரு பகுதிகளையும் தராசில் ஒன்றாகக் கிடத்தினால் கிராம் கணக்கு வந்துவிடும்.

கனம் கூடினால் வேகம் கூடுமா

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கனமான ஸ்டிரைக்கர் காய்களை நன்றாகச் சிதறடிக்கும் என்று எல்லாரும் நம்புவோம். ஆனால் அந்த ஸ்டிரைக்கரை அதே வேகத்தில் சுண்ட விரலுக்கு வலு இருந்தால்தான் அது உண்மையாகும். கியூவிலும் இப்படித்தான். வெள்ளைப் பந்தின் எடை ஏறத்தாழ 6 அவுன்ஸ். கியூ எவ்வளவு கனமோ அந்த அளவுக்கு அதன் வேகம் பந்துக்குக் கூடுதலாகக் கைமாறும் என்பது மெய்தான், ஆனால் அந்தக் கூடுதல் மிகச் சிறியது. கையின் வேகம் சற்றும் குறையாமல் 19 அவுன்ஸுக்குப் பதில் 20 அவுன்ஸால் அடித்தால் பந்தின் வேகம் ஏறத்தாழ 1.2 சதவீதம் கூடும்; 18 அவுன்ஸிலிருந்து 21 அவுன்ஸுக்குத் தாவினால்கூட 3.7 சதவீதம்தான். கையின் வேகம் குறையாமல் என்ற நிபந்தனையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கனம் கூடக் கூடக் கை சற்றே மெதுவாகத்தான் வீசும், கிடைத்த 1.2 சதவீதத்தை அந்த மெதுவே தின்றுவிடக்கூடும். இலேசான கியூவை எடுத்தால் கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறது. யாருக்கு எந்தப் பக்கம் இலாபம் என்பது அவரவர் தசையையும் அடிக்கும் பழக்கத்தையும் பொறுத்தது. எனவேதான் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண்ணை யாராலும் சொல்ல முடிவதில்லை.

இதோடு சேர்த்து இன்னொரு மயக்கத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. கியூவை இறுகப் பிடித்தால் கையின் கனமும் சேர்ந்து பந்தைத் தள்ளும் என்று பலரும் நினைக்கிறார்கள். டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சதையாலான நம் உள்ளங்கை கியூவை அந்த நேரத்திற்குள் அழுத்தித் தள்ள வழியே இல்லை. இறுக்கிப் பிடிப்பதால் மணிக்கட்டு பூட்டிக்கொண்டு வேகம் குறைவதுதான் மிச்சம்.

பிரேக்கைக் கெடுப்பது பெரும்பாலும் வேகக் குறைவு அன்று, குறி தப்புவது. நெருக்கமாக அடுக்கிய பந்துகளின் கூட்டமாகிய ரேக்கின் முதல் பந்தை நடுநெஞ்சில் அடித்தால் வெள்ளைப் பந்து தன் வேகத்தில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டுச் சற்றே பின்னுக்கு எகிறி மேசையின் நடுப்பகுதியில் அடங்கிவிடும். சிறிது விலகிப் பட்டாலும் பக்கவாட்டில் ஓடும். கொடுத்திருக்க வேண்டிய வேகத்தைத் தானே எடுத்துக்கொண்டு ஓடுகிறது என்பதுதான் அதன் பொருள். குழியில் விழுந்தால் எதிராளிக்கு வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துக் கொடுத்த கதை. எந்த எடையில் முதல் பந்தைத் தவறாமல் முழுமையாக அடிக்க முடிகிறதோ, அந்த எடைகளுக்குள் எது வேகமாகப் போகிறது என்று பார்ப்பதுதான் முறை. வேகத்தை முதலில் பார்த்துக் குறியைப் பின்னால் சரிசெய்யலாம் என்று இறங்கினால் நான் வாங்கிய 21 அவுன்ஸ் கியூவின் கதையாகும்.

படி ஒன்று: இப்போதைய கியூவை எடை போடுங்கள்

தினமும் ஆடும் கியூவின் எடைதான் நமக்குத் தொடக்கப் புள்ளி. கை பழகிய எடை அது. பிரேக் கியூவை அதே எடையிலோ, ஓர் அவுன்ஸ் கூடவோ குறையவோ உள்ள எடையிலோ தேடத் தொடங்குவது பாதுகாப்பானது. எதுவுமே தெரியாத நிலையில் ஓர் எண் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் 19 என்று சொல்வது வழக்கம். அதிலிருந்து இரண்டு பக்கமும் நகர இடம் இருக்கிறது.

ஸ்னூக்கரிலிருந்து வருபவர்களுக்கு ஒரு சொல். 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் என்ற பெருமையாலோ, பழைய கிளப்புகளில் அந்த மேசைகளே இருப்பதாலோ, நம் பக்கத்தில் பலருக்கும் முதலில் கையில் கிடைப்பது ஸ்னூக்கர் கியூதான். பெரும்பாலும் 17, 18 அவுன்ஸ் எடையும் 10 மில்லிமீட்டருக்குக் குறைவான டிப்பும் உள்ள கியூ அது. ஸ்னூக்கரில் முதல் அடி என்பது சிவப்புப் பந்துகளின் ஓரத்தை உரசிவிட்டு வெள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவரும் அடி. ஓங்கி அடிக்கும் பழக்கம் அங்கே கிடையாது. அத்தகையவர்கள் நேராக 20, 21 என்று தாவாமல் 18 அல்லது 19இல் தொடங்குவது நல்லது. அந்த மெல்லிய ஸ்னூக்கர் கியூவாலேயே பூல் பிரேக் அடிப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும்.

படி இரண்டு: வாங்குவதற்கு முன் இரவல்

நான்கு எடைகளிலும் கியூ கிடைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு எடைகள் கிடைத்தாலே போதும், 18க்கும் 20க்கும் இடையில் இருந்தால் இன்னும் நல்லது. நண்பர்களின் பிரேக் கியூ, பார்லரில் உள்ள பொதுக் கியூ எதுவானாலும் சரி. ஆனால் ஒன்றின் டிப் கடினமான பிசினாலான பீனாலிக், மற்றொன்றின் டிப் மிருதுவான தோல் என்று இருந்தால் ஒப்பீடு பொய்யாகிவிடும். ஓர் அவுன்ஸ் கூடுவதால் பந்துக்குக் கிடைக்கும் வேகத்தைவிட, மிருதுவான தோலை விட்டுக் கடினமான டிப்புக்கு மாறுவதால் கிடைக்கும் வேகம் கூடுதல். இதை அறியாமல், “கனமான கியூ எடுத்ததும் பிரேக் பிரமாதமாகிவிட்டது” என்று சொல்பவர்களின் புதுக் கியூவில் டிப்பும் கூடவே மாறியிருக்கும். சில போட்டிகளில் பீனாலிக் டிப்புக்கு இடமில்லை என்பதால், போட்டிக்குப் போகும் எண்ணமுள்ளவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

எண் கண்ணில் பட்டால் மனம் அதற்கேற்ப ஆடத் தொடங்கிவிடுகிறது. ஒருநாள் நண்பர் ஒருவர் மூன்று கியூக்களின் அடிப்பகுதியிலும் கறுப்புத் தாள் டேப்பைச் சுற்றி எண்ணை மறைத்துவிட்டு என்னிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அடித்துப் பார்த்து, இதுதான் கனமானது என்று நான் உறுதியாகச் சொன்ன கியூவின் டேப்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த எண் 19. அதன் கனம் முன்பக்கம் சாய்ந்திருந்ததால் கை ஏமாந்துவிட்டது. அன்றிலிருந்து டேப் இல்லாமல் நான் எந்தக் கியூவையும் சோதிப்பதில்லை.

படி மூன்று: எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்

இந்தப் படியில்தான் அவசரப்படாமல் உட்கார வேண்டும். ஒவ்வொரு எடையிலும் பத்துப் பிரேக் அடிக்க வேண்டும். ஒரே கியூவால் பத்தையும் தொடர்ந்து அடிக்காமல் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசியாக எடுத்த கியூ களைத்த கையின் பழியைச் சுமக்கும். வெள்ளைப் பந்தை, நாம் அடிக்கும் பக்கத்தில் மேசை நீளத்தின் கால் பங்கில் குறுக்கே ஓடும் தலைக்கோட்டின் நடுவில் வைத்து, ரேக்கின் முதல் பந்தை நோக்கி நேராக அடியுங்கள். ஒன்பது பந்துகளோடு ஆடும் நைன்பாலில் பக்கச் சுவரோரமிருந்து அடிக்கும் பிரேக்கைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வோர் அடிக்கும் ஒரு தாளில் மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் பந்து முழுமையாகப் பட்டதா என்பது ஒன்று. வெள்ளைப் பந்து எங்கே நின்றது என்பது இரண்டு. மேசையின் நடுவில் இரண்டு சாண் அகலத்துக்கு ஒரு வட்டத்தை மனத்தில் வரைந்து, அதற்குள் நின்றால் ஒரு கோடு போடுங்கள். மூன்றாவது வேகம். அதற்குச் சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதியுள்ள கைப்பேசி போதும். மேசைக்குப் பக்கவாட்டில் அதை நிறுத்தி, வெள்ளைப் பந்தும் முதல் பந்தும் சட்டகத்துக்குள் தெரியும்படி வைத்துக்கொண்டு படம் எடுங்கள். பிறகு டிப் பட்ட நொடியிலிருந்து முதல் பந்தில் மோதும்வரை எத்தனை படங்கள் ஓடின என்று ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுங்கள்.

9 அடி மேசையில் தலைக்கோட்டிலிருந்து ரேக்கின் முதல் பந்து இருக்கும் புள்ளிவரை 50 அங்குலம். இரண்டு பந்துகளின் பாதிப் பாதியைக் கழித்தால் வெள்ளைப் பந்து ஓடும் தூரம் சுமார் 121 சென்டிமீட்டர். அதனால் 1048ஐப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால், மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வேகம் கிடைத்துவிடும். 40 படங்கள் ஓடினால் மணிக்கு 26 கிலோமீட்டர்; 36 என்றால் 29; 32 என்றால் ஏறத்தாழ 33. கைதேர்ந்த ஆட்டக்காரர்களின் பிரேக் பெரும்பாலும் மணிக்கு 32 கிலோமீட்டருக்கும் 40 கிலோமீட்டருக்கும் இடையில் இருக்கும். மேசை சிறியது என்றால் இரு பந்துகளுக்கும் இடையிலான வெற்றிடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை 8.64ஆல் பெருக்கி, 1048க்குப் பதில் அந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் 40ஐ நோக்கி ஓட வேண்டியதில்லை. விதிப்படி ஒரு பந்தாவது குழியில் விழ வேண்டும், அல்லது நான்கு பந்துகளாவது மேசையின் ஓரத் தடுப்பாகிய குஷனைத் தொட வேண்டும். முதல் பந்து முழுமையாகப் பட்டால் 26, 27 கிலோமீட்டர் வேகமே அதற்குத் தாராளம்.

தாளைப் பார்த்து முடிவெடுக்கும்போது, முதலில் பத்தில் எட்டு முறையாவது முழுமையாகப் பட்ட எடைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள். மிச்சமுள்ளவற்றில் வேகம் கூடியது எதுவோ அதுதான் உங்கள் எடை. இரண்டுக்கும் ஒரே வேகம் வந்தால் வெள்ளைப் பந்து நடுவில் அதிகம் நின்ற எடையை எடுங்கள். எந்த எடையிலும் எட்டு வரவில்லை என்றால் கியூ வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, பாதி வேகத்தில் ஒரு மாதம் பிரேக் அடித்துப் பழகுவதே நல்லது. கடைக்காரருக்கு இந்த யோசனை பிடிக்காது.

எண்களுக்கு அப்பால் உடம்பும் சில அறிகுறிகளைச் சொல்லும். கனம் மிஞ்சிவிட்டால், கை பின்னே போய்த் திரும்பும் இடத்தில் கியூ ஒரு கணம் இழுத்துக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும். அதை ஈடுகட்டத் தோள் எழும்பும், அடி முடியும்போது டிப் துணியை நோக்கித் தாழ்ந்துவிடும். இலேசு மிஞ்சிவிட்டால் பின்னுக்கு இழுக்கும்போதே கியூவின் முனை ஆடும், மணிக்கட்டு வெடுக்கென்று இழுபடும், வெள்ளைப் பந்து ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாக ஓடும். வெள்ளைப் பந்து மேசையைத் தாண்டிக் குதிப்பது மட்டும் பெரும்பாலும் எடையால் வருவதன்று. கியூவின் அடிப்பகுதி உயர்ந்து, பந்தைக் கீழ்நோக்கி அடிப்பதால் அது துள்ளிக்கொண்டே போய் ரேக்கின் மேல் விழுகிறது. நான் வாங்கிய 21 அவுன்ஸ் கியூ கனத்ததால் தோள் எழும்பி, தோள் எழும்பியதால் கியூவின் பின்பக்கமும் எழும்பியதே அன்று நடந்தது.

படி நான்கு: கால் அவுன்ஸிலும் அரை அவுன்ஸிலும்

எடையை மாற்றிக்கொள்ள வசதியுள்ள கியூவையே வாங்குங்கள். இது ஒன்றில் மட்டும் நான் பிடிவாதம் பிடிப்பேன். அடிப்பகுதியில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் உள்ளே ஓர் எடைத் திருகு இருக்கும். நீளமான அறுகோணச் சாவியை விட்டு அதைக் கழற்றி, கனமான அல்லது இலேசான இன்னொரு திருகைப் பொருத்திக்கொள்ளலாம். திருகின் மறை ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் மாறுவதால், கியூ எந்தப் பெயரோ அந்தப் பெயரின் திருகுகளையே கேட்டு வாங்க வேண்டும். ஒரே தாவலில் இரண்டு அவுன்ஸ் மாற்றாமல் அரை அவுன்ஸாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் குறைந்தது ஒரு வாரம் ஆட வேண்டும். கால் அவுன்ஸ் வேறுபாட்டைக் கை உணருகிறது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

திருகைப் பொருத்தும்போது எடையோடு சேர்ந்து சமநிலையும் நகர்கிறது என்பதை மறக்கக் கூடாது. கியூவை ஒரு விரலின்மேல் கிடத்தி, எங்கே சாயாமல் நிற்கிறது என்று பாருங்கள். பல கியூக்களில் அந்த இடம் அடிமுனையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அடிமுனையில் ஓர் அவுன்ஸைக் கூட்டினால் அந்த இடம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பின்னுக்குப் போகும். கியூ கனத்த பிறகும் முன்பக்கம் இலேசாகிவிட்டதுபோல் தோன்றுவது அதனால்தான். அப்போது பிடியையும் இரண்டு விரல் அகலம் பின்னே கொண்டுபோனால் பழைய உணர்வு திரும்பும். பிரேக் அடிக்கும்போது கியூவினுள் ‘கிர்’ரென்று அதிர்வொலி கேட்டால் பயந்துவிட வேண்டாம், திருகு தளர்ந்திருக்கும், கால் சுற்று இறுக்கினால் அடங்கிவிடும்.

நடுவில் கழற்றிக் குட்டிக் கியூவாக்கிப் பந்தைத் தாண்ட வைக்கவும் பயன்படும் ஜம்ப்-பிரேக் வகையை வாங்குபவர்கள், கூட்டும் எடை கழற்றி வைக்கும் பின்பகுதியில்தான் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜம்ப் அடிக்கு இலேசான முன்பகுதிதான் வேண்டும்.

பொருந்திய எடை கிடைத்ததும், கியூவைத் தராசில் வைத்துக் கிராமில் வந்த எண்ணையும், விரல்மேல் நின்ற இடம் அடிமுனையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதையும், உள்ளே உள்ள திருகின் எடையையும் ஒரு சீட்டில் எழுதி உறைக்குள் போட்டுவையுங்கள். டிப் மாற்றக் கொடுத்துத் திரும்பி வரும் நாளிலும், கியூவின் முன்பாதிக்கு வேறொரு ஷாஃப்டைப் பொருத்தும் நாளிலும் அந்தச் சீட்டை எடுத்துத் தராசோடு ஒத்துப் பார்த்துவிட்டு, அதன்பிறகு ரேக்கை அடுக்கலாம்.